புயலைப் பிடித்த பெட்டி

கீங்... கீங்... கீங்...

காரின் முன் கண்ணாடியை ஒட்டியிருந்த கறுப்புப் பெட்டி அலறியதும் சிதம்பரநாதன் பிரேக்கை மிதித்தார். பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த அவர் மனைவி நீலாயதாட்சி, மூடிய கண்ணைத் திறக்காமலே அம்பகரத்தூர் காளியம்மனுக்கு நன்றி சொன்னாள்.

“பாத்தியா! நூத்திப்பத்துல போயிக்கிட்டிருந்தேன். எங்கேயோ போலீஸ்காரன் ரேடாரோட ஒளிஞ்சிருக்கான்” என்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார் சிதம்பரநாதன்.

நீலாயதாட்சி கண்ணைத் திறந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் வயல். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு காரைக்கால் கான்ஸ்டபிள் ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லை. ஆனால் பாரிஸில் வாங்கிய பெட்டி பொய் சொல்லுமா?

பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்த டவுன் பஸ், காரை முந்தி, புழுதியை வாரிப் பூசிவிட்டுப் போனது.

“ஏங்க, பஸ்காரனைப் பிடிக்க மாட்டாங்களா?”

“அவனைப் பிடிச்சு என்ன பண்றது? அவங்க குறி வச்சிருக்கிறது என்னை!”

பதினைந்து வருஷம் பாரிஸில் வேலை பார்த்துவிட்டு சிதம்பரநாதன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு பேர் உட்காரலாம். உட்காரலாம் என்பது மரியாதைக்கு, படுக்கலாம் என்பதுதான் உண்மை. ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்ததால், எதிரே வரும் லாரியெல்லாம் முதலில் நீலாயதாட்சியைத்தான் நலம் விசாரித்தது.

கார் வந்து இறங்கிய அன்றே நண்பர் முகம்மது இப்ராஹிம் அவருக்குப் ‘பாரிஸ் புயல்’ என்று பேர் வைத்துவிட்டார். ஊரும் பிடித்துக்கொண்டது. பேரைக் காப்பாற்றுவது லேசா? கல்யாணமாகிப் பத்தே மாசம். கழுத்தில் தாலி நிலைக்குமோ நிலைக்காதோ என்று நீலாயதாட்சி தினமும் செத்துப் பிழைத்தாள்.

அவள் வயிற்றில் பாலை வார்த்தது இந்தப் பெட்டிதான். வேகத்தை அளக்கும் ரேடார் எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துக் கத்துமாம். ஒயர் தொங்கினால் காருக்கே அவமானம் என்று எலக்ட்ரீஷியன் தங்கையனிடம் விட்டார் சிதம்பரநாதன். தங்கையன் மூன்று நாள் காரைப் பிரித்துப் போட்டார். ஸ்பீடாமீட்டரைக்கூட விட்டுவைக்கவில்லை. ஃபியூஸ் பெட்டியிலிருந்து கரண்ட் எடுத்து, கூரைத் துணிக்குள்ளேயே ஒயரை ஓட்டி, ஒரு விரற்கடை ஒயர் வெளியே தெரியாமல் மாட்டிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து காரைக்காலில் போலீஸ் தொல்லை அதிகமாகிவிட்டது. கடைத்தெருவில் ஊர்ந்துபோனால் பெட்டி வாயைத் திறக்காது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில்கூடக் கத்தியதில்லை. புயல் சீறக் கிளம்பினால் போதும், கீங் கீங் என்று ஆரம்பித்துவிடும்.

அன்று சாயங்காலம் இப்ராஹிம் வீட்டுக்கு வந்தார்.

“புயலே, ஞாயித்துக்கிழமை நாகூர் வரைக்கும் ஒரு ஓட்டம். பத்தே நிமிஷத்துல வரணும். நான் அங்கே வாட்சோட நிக்கிறேன். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு!”

சிதம்பரநாதன் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“வந்துட்டாப் போச்சு. ஆனா பெட்டி கத்துச்சுன்னா வேகத்தைக் குறைச்சுடுவேன். சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அதெப்படிக் கத்தும்? அன்னைக்கு மந்திரி வர்றாரு. போலீஸ் மொத்தமும் பந்தோபஸ்துக்குப் போயிடும். ரோட்டுல ஒரு தொப்பிகூட இருக்காது!”

“போலீஸ்காரனை நம்ப முடியாது இப்ராஹிம். பாத்துக்கலாம்” என்று சிரித்தார் சிதம்பரநாதன்.

காபி கொண்டுவந்த நீலாயதாட்சி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். போலீஸ் இல்லையென்றால் ரேடார் இல்லை. ரேடார் இல்லையென்றால் பெட்டி கத்தாது. பெட்டி கத்தாவிட்டால் இந்த மனுஷனை யார் நிறுத்துவது?

மறுநாள் காலை, காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பியவள் நேரே போய் நின்றது தங்கையனின் பட்டறையில்.

“அண்ணே, என்னை உங்க தங்கச்சியா நினைச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை அவரு நாகூருக்குப் பத்து நிமிஷத்துல போறதாப் பந்தயம். அன்னைக்குப் போலீஸ் கிடையாதாம், பெட்டி கத்தாது. எனக்கு அவரு உசுரோட வேணும்ணே.” அவள் கண் கலங்கிவிட்டது.

“அழுவாதீங்கம்மா. நான் என்ன பண்ணணும், சொல்லுங்க.”

“போலீஸ் இருந்தாலும் இல்லாட்டியும், கார் அறுபதைத் தாண்டினா அந்தப் பெட்டி கத்தணும். அப்படி ஒயரை மாத்திக் குடுத்துடுங்க. அவருக்கு மட்டும் தெரியவே கூடாது.”

தங்கையன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். தலையைச் சொறிந்தார். தெருவை இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“அறுபதா? மாட்டுறப்பவே ஐயா நாப்பதுக்குக் கத்துற மாதிரி வைக்கச் சொல்லிட்டாங்களேம்மா!”