புருவத்துக்கு மேலே

சங்கரன்கோவில் ஸ்டிக்கர் கடையில், கம்ப்யூட்டரில் ஒரு முகத்தின் மேல் புள்ளி புள்ளியாக வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள் பொன்செல்வி. கல்யாணக் காரில் ஒட்ட மாப்பிள்ளையின் படம். அதைக் கொண்டுவந்த மாப்பிள்ளையின் நண்பன் இசக்கித்துரைக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு பட்டனத் தட்டுனா அதுவே வரைஞ்சிராதாக்கா?"

"வரையும். ஆளு அடையாளம் தெரியாது."

படத்தை இன்னும் பெரிதாக்கினாள். புருவத்துக்கு மேலே சின்னத் தழும்பு. அவள் கை அங்கேயே நின்றது.

"அத எடுத்திருங்கக்கா. பொண்ணு பாக்கப் போனப்ப அந்தப் பிள்ள தலையே நிமிரலையாம். தழும்பு பிடிக்கலையோன்னு அண்ணன் இன்னும் பொலம்புதாரு."

அவள் தழும்பையும் பக்குவமாக வளைத்து வரைந்தாள்.

"சரி, கீழ பொண்ணு பேரு வரணும். இருங்க, அண்ணன்ட்ட கேட்டுச் சொல்லுதேன்."

அவன் போனை எடுப்பதற்குள் திரையில் எழுத்துகள் விழுந்தன: பொன்செல்வி.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றவன், குனிந்திருந்த அவள் முகத்தைப் பார்த்தான். சிவந்திருந்தது.

"மதினி!"

அவள் இப்போதும் தலை நிமிரவில்லை.

"தழும்பு இருக்கட்டும்னு ஒங்க அண்ணன்ட்ட சொல்லிருங்க."