பிளாக்கியின் இடது காது

அம்மாவுக்கு இந்த நாயில் பாசம் வந்துவிட்டது. வரட்டும், யாரிலாவது வரட்டும்.

நண்டுக் கொம்பனியில் வேலை முடித்து வந்து படலையைத் திறந்தபோது பிரான்சிஸ்காவுக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

முற்றத்தில் அருளம்மா காலை நீட்டி இருந்தாள். மடியில் பிளாக்கியின் தலை. தாயின் விரல் நாயின் இடது காதில் மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"ஆடாமல் கிட சனியன்," என்றாள் அருளம்மா. பிளாக்கி வந்த நாள் தொட்டு அவள் வாயில் அதற்கு அந்த ஒரு பெயர்தான். இப்போது அதையே தாலாட்டுப் போலச் சொன்னாள்.

இரண்டு மாதத்துக்கு முன் பிளாக்கி காதைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்தது. பிரான்சிஸ்காதான் ஓட்டோ பிடித்து விடத்தல்தீவிலிருந்து மன்னாருக்குக் கொண்டுபோனாள். மிருக வைத்தியர் களிம்பு எழுதிக் கொடுத்தார். மெல்லிசாகப் பூச வேண்டும். காதுக்குள்ளே போகக்கூடாது. பூசியவர் உடனே கையைக் கழுவ வேண்டும். ஒரு கிழமை, ஏழு நாள்தான்; அதற்கு மேல் பூசினால் தோல் மெலிந்துவிடும்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அவள் ஒப்புவித்தாள். தாய் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் களிம்பை வாங்கிக்கொண்டாள். நாள் முழுக்க ஐஸுக்குள் நண்டு உடைக்கிற கை, உனக்கு ஒன்றும் விளங்காது, நான் பூசுகிறேன் என்றாள்.

அது உண்மைதான். வேலைவிட்டு வந்து நெடுநேரத்துக்கு அவளுடைய விரல்களுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. சிலுவை அடையாளம் போடும்போது விரல் நெற்றியில் பட்டதோ என்றுகூடத் தெரியாது.

விறைப்பு விரலோடு நிற்கவில்லை. போன தை மாதம் பெண் பார்க்க வந்தவர்கள், பிள்ளை நிறம் குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வருகிற ஞாயிறு, பூசை முடிய, பேசாலையிலிருந்து இன்னொரு மாப்பிள்ளையின் தாய் வருகிறாள். அன்றைக்கும் கோப்பைகள் இருக்கும். கழுவலாம்.

ஆனால் சில பின்னேரங்களில் படலைக்கு வெளியே சற்று நின்று, நாயின் காதில் வட்டம் போடும் தாயின் விரலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அது தன் தலையில் கடைசியாக எப்போது பட்டது என்று யோசித்துப் பார்ப்பாள். ஞாபகம் வராது.

இன்றைக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, காதைத் தூக்கிப் பார்த்தாள்.

விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது. மயிர் கொட்டியிருந்தது. கறுத்த தோல் வெளிறி, வெயிலுக்கு நேரே பிடித்தபோது வெங்காயச் சருகு போல வெளிச்சத்தை விட்டது. உள்ளே ஓடும் நரம்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். நகம் பட்ட ஓரிடம் கிழிந்து கசிந்துகொண்டிருந்தது.

"இன்னும் பூசுறீங்களோ அம்மா? புண் எப்பவோ ஆறிட்டுதெல்லே."

"புண்ணை விடு. நிறத்தைப் பார்! கரிச்சட்டி மாதிரிக் கிடந்தது, எப்பிடி வெளுத்திருக்கு."

அருளம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் வெகுநாளாகக் கண்டதில்லை.

தாய் இடுப்பிலிருந்து புதுக் களிம்புக் குழாயொன்றை எடுத்தாள். இன்னும் உடைக்காதது. மூடியின் முனையால் குத்தித் திறந்து, சுட்டுவிரலில் நீளமாகப் பிதுக்கினாள்.

விரல் நாயிடம் போகவில்லை. பிரான்சிஸ்காவின் கன்னத்துக்கு வந்தது.

"பயப்பிடாதை பிள்ளை. உனக்குப் பூச முன்னம் அதில பூசிப் பாத்தனான். ரெண்டு மாசம். ஒண்டும் செய்யேல்ல. ஞாயிற்றுக்கிழமைக்கிடையில கொஞ்சமெண்டாலும்..."

பிளாக்கி தலையை உதறியது. ஒரு துளி இரத்தம் அருளம்மாவின் சேலையில் தெறித்தது. அவள் அதைக் காணவில்லை.

பிரான்சிஸ்கா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். தாயின் கை சூடாகத்தான் இருந்திருக்கும். தண்ணீரோடு பக்கத்திலிருந்த கிணற்றடி வாளியை மற்றக் கையால் இழுத்து நடுவில் வைத்தாள்.

"கையைக் கழுவுங்கோ அம்மா," என்றாள்.