அறுவடை வரைக்கும்

“இந்தத் தடவையாவது பூவைப் பறிப்பியா, ஹார்மென்?”

கூரையறையிலிருந்து செங்குத்தான ஏணிப்படியில் இறங்கி வந்த கணவரிடம் லீஸ்பெத் படுத்தபடியே கேட்டாள். முன்னறை ஜன்னலோரம் அவளுக்கென்று போட்ட ஆஸ்பத்திரிக் கட்டில். நரம்பு நோய் முதலில் அவள் கால்களை முடக்கியது, பிறகு கைகளை. வலியை மட்டும் அப்படியே விட்டுவைத்திருந்தது.

“பறிக்காம? பூ மேல உறைபனி கொட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாப் பூத்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள்தான், லீஸ்.”

மேலே ஐந்து தொட்டிகளில் கஞ்சா. ‘வெள்ளை விதவை’ என்று ஹாலந்து முழுக்கப் பேர் வாங்கிய பழைய கலப்பு ரகம். மருந்துக்கடையில் வலிக்கென்று டாக்டர் எழுதித் தந்த கஞ்சா எண்ணெய் லீஸ்பெத்துக்கு வாந்தியைத்தான் கொடுத்தது. கஞ்சா விற்க அனுமதியுள்ள மற்ற கடைகளில் விற்பதில் எதைத் தெளிக்கிறார்களோ என்று ஹார்மெனுக்குச் சந்தேகம். விதையிலிருந்து நானே வளர்க்கிறேன் என்று இறங்கிவிட்டார். ஈரத்துணியில் வைத்த விதை வாய் பிளந்ததும் மண்ணில் ஊன்றினார். வடகோடி க்ரோனிங்கன் ஊர்க் குளிரில் வெயிலுக்கு எங்கே போவது? விளக்குக் கட்டினார், காற்றாடி வைத்தார். பூவில் விதை பிடித்துவிடாமலிருக்க, ஆண் செடி தலைகாட்டினால் உடனே களைந்தார்.

ஏற்கெனவே இரண்டு தடவை, பூ முற்றும் சமயத்தில், “பூஞ்சை பிடிச்சிருச்சு” என்று சொல்லி எல்லாவற்றையும் பிடுங்கி மூட்டை கட்டிக்கொண்டு போனார். இது மூன்றாவது விதைப்பு.

“டாக்டர் கூப்பிட்டிருந்தார். என்ன முடிவு பண்ணியிருக்கீங்கன்னு கேட்டார்” என்றாள் லீஸ்பெத்.

“அறுவடை ஆகட்டும்னு சொல்லிட்டியா?”

“சொன்னேன். எத்தனை தடவைதான் அதையே சொல்றது?”

வாசல் கதவைத் தட்டாமலே பக்கத்து வீட்டு யாப் உள்ளே வந்தார். கையில் பட்டாணி சூப் பாத்திரம். ஹார்மென் வெளியே போகும்போதெல்லாம் லீஸ்பெத்துக்குத் துணையாக உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

“டேய் ஹார்மென், தெருமுனையிலயே மூக்கைத் துளைக்குதுடா. எங்க நாய் உன் வாசல்ல நின்னு சும்மா சும்மா சிரிக்குது!”

லீஸ்பெத் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே வலியாகி முகம் கோணியது. அது அடங்கும்வரை இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“யாராவது போலீஸுக்குச் சொல்லிடப்போறாங்க. ஜாக்கிரதை” என்றார் யாப்.

“சொன்னா நீதான் சொல்லணும். கடைசி வீடு என்னோடது. பக்கத்து வீடுன்னு இருக்கிறது உன்னோடது ஒண்ணுதான்.”

யாப் குனிந்து சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினார்.

அந்த வாரமே, மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், போலீஸ் வந்தது.

“என் மனைவிக்கு மருந்தும்மா இது. அஞ்சு செடிதானே? அஞ்சு வரைக்கும் கண்டுக்க மாட்டீங்களே?” ஹார்மென் ஏணியடியில் குறுக்கே நின்று கெஞ்சினார்.

இளம் பெண் போலீஸ் ஒருத்தி கட்டிலைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள். “விளக்கு, காற்றாடின்னு வச்சு வளர்த்தா அஞ்சுன்னாலும் விட முடியாதுங்க. புகாரும் வந்திருச்சு. வழக்கு இல்லாமப் பாத்துக்கறேன். செடியை மட்டும் எடுத்துட்டுப் போயிடறோம்.”

“யார் குடுத்த புகார்?”

“அதைச் சொல்லக்கூடாது.”

பூவும் தண்டுமாக எல்லாம் கறுப்புப் பைகளில் இறங்கி, லீஸ்பெத்தின் கட்டிலைத் தாண்டி வாசலுக்குப் போயின.

வண்டி தெருவைத் தாண்டியதும் ஹார்மென் வீட்டுச் செருப்போடு மழையில் இறங்கினார். யாப் கதவைத் திறந்ததுதான் தாமதம், ஓங்கி ஓர் அறை. யாப் திருப்பி அடிக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. உதட்டில் கசிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, “லீஸ்கிட்டப் போடா” என்று மட்டும் சொன்னார்.

சொட்டச் சொட்ட நனைந்து திரும்பியவரைப் பார்த்ததுமே லீஸ்பெத் கேட்டாள்: “அடிச்சியா?”

“அடிச்சேன். இருபது வருஷமா நம்ம மேஜையில உக்காந்து காபி குடிச்சவன்! உன் வலியைக் கண்ணால பாத்தவன்!”

“போய் மன்னிப்புக் கேளு. நான் அழுது கேட்டேன்னுதான் போனை என் காதுகிட்டப் பிடிச்சான். பேசினது நான்.”

ஹார்மென் ஈரக் கையோடு அப்படியே நின்றார். “நீயா? உனக்காகத்தானே நான்...”

“பறிக்கிற சமயத்துல இந்தத் தடவையும் பூஞ்சை வந்திருக்கும். இல்லையா?”

நோயே அண்டாத செடிகளை இரண்டு தடவை தன் கையாலேயே பிடுங்கி எறிந்தவர், வேறெங்கும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

“பறிச்சுக் குடுத்து, அதுலயும் என் வலி அடங்கலைன்னா அப்புறம் என்னைப் பிடிச்சு வைக்க ஒண்ணுமில்லையேன்னு பயந்துட்டே. உன் மேல எனக்குக் கோபம் இல்ல, ஹார்மென். ஆனா வலியில்லாமப் போய்ச் சேர, சட்டப்படியே ஊசி போடறேன்னு டாக்டர் சம்மதிச்சு ஒரு வருஷம் ஆச்சு. அறுவடை வரைக்கும் உயிரோட இருக்கேன்னு உனக்கு வாக்குக் குடுத்துட்டேன். அதை மீறவும் மனசு வரலை.”

அவள் குரல் மிகவும் தணிந்திருந்தது.

“இப்ப அறுவடை முடிஞ்சுபோச்சு. டாக்டரை வரச் சொல்லு.”