கறையான் தொடாத மரம்

சும்மா கொடுக்கிற மரத்தை யாராவது முகர்ந்து பார்ப்பார்களா? அந்த டீச்சர் குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

மரக்கடைக்காரரின் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் மேட்டுப்பாத்தி கட்டிக் கீரை போடுகிறார்கள். மண் சரியாமல் நிற்க நாலு பக்கமும் மரச்சட்டம் வேண்டும். போன வருஷம் பெட்டிப் பலகையில் அடித்தது ஒரே மழையில் உளுத்துப்போயிற்று. தேக்கு கட்டுப்படியாகாது, செங்கல்லுக்குக் கொத்தனார் வேண்டும். டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

கடைக்காரர்தான் மனசு இரங்கிக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். எட்டு வருஷமாகக் கிடக்கும் பழைய மர மின்கம்பங்கள், கறுகறுவென்று. அறுத்தே தருகிறேன், காசு வேண்டாம், முப்பது வருஷத்துக்கு அசையாது என்றார்.

அதற்குத்தான் இத்தனை கேள்வி. ஏன் தார் வாடை அடிக்கிறது? கறையான் ஏன் தொடவில்லை? மருந்து ஏற்றின மரமா?

"வைரம் பாய்ஞ்ச மரம் டீச்சர். கறையானுக்குப் பல்லு எறங்காது. மருந்தெல்லாம் ஒண்ணும் கெடையாது."

டீச்சர் அப்போதும் தயங்கினாள். "புள்ளைங்க சாப்பிடப் போறது, அதான்..."

கடைக்காரர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எங்க வீட்டுலயும் ஒரு புள்ள இருக்கு டீச்சர். புள்ளைங்க விஷயத்துல இவர் பொய் சொல்வாரா? இஷ்டம்னா எடுங்க, இல்லன்னா விடுங்க."

டீச்சரின் முகம் சுண்டிவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள் என்று நாலு தடவை சொல்லிவிட்டு, வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனாள்.

கம்பங்கள் கிடந்த இடத்தில் மண் கறுத்துப்போய், ஒரு புல்கூட இல்லை. எப்படியோ இடம் ஒழிந்ததே என்று இவளுக்கு நிம்மதி. புருஷனின் தாராள மனசைத் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

மூன்று மாதம் கழித்து டீச்சர் வந்தாள், கை நிறையக் கீரைக்கட்டோடு. நீங்கள் கொடுத்த சட்டத்தில் விளைந்தது, மூன்று வாரமாகப் பிள்ளைகளுக்கு மத்தியானம் இதுதான் என்றாள். அன்றைக்குச் சந்தேகப்பட்டதற்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்டாள். பாவம், நல்ல பொம்பளைதான் என்று இவளுக்கே தோன்றிவிட்டது.

உடனே ஆய்ந்து, வேகவைத்து, மசித்துச் சோற்றில் பிசைந்து மகளுக்குத் தட்டில் வைத்தாள். குழந்தை இரண்டு வாய் தின்றிருக்கும். கடைக்காரர் உள்ளே வந்தார்.

"ஏது கீரை?"

"நம்ம மரத்துல வெளைஞ்சதுங்க. டீச்சர் குடுத்தாங்க."

அவர் தட்டைப் பிடுங்கி அப்படியே குப்பையில் கவிழ்த்தார். குழந்தையின் வாயைத் திறந்து, விரலை விட்டு மிச்சத்தை வழித்தெடுத்தார்.

"அறிவிருக்காடி? அது பூராவும் விஷ மருந்து ஏத்தின மரம். மண்ணுல எறங்கி, கீரையிலயும் ஏறும். குப்பை வண்டிக்காரன்கூட வேணாம்னு விட்டுட்டுப் போன சனியன் அது."

இஷ்டம்னா எடுங்க, இல்லன்னா விடுங்க. அன்றைக்கு இவள் தன் வாயால் சொன்னதுதான்.

"அப்போ... அங்க அறுபது புள்ளைங்க தின்னுதேங்க?"

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. மகளை மடியில் இருத்தி, டம்ளரை அவள் உதட்டில் வைத்து, "இன்னொரு தடவ கொப்பளிடா தங்கம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.