கம்பத்தடி

ஓடைக்கரைக் கருவேலங்காட்டு முனையில் ஊராட்சி ஒரு கம்பம் நட்டு இலவச வைஃபை கொடுத்தது. விடியும் முன்பே இளைஞர்கள் கைப்பேசியோடு அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த பெண்களுக்கு ஒதுங்க அந்தக் காட்டைவிட்டால் வேறு இடமில்லை. பேச்சித்தாய் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். நன்றாக இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருந்து, சுற்றுவழியில் காட்டுக்குள் போய் வந்தாள். நீர்க்கடுப்பு வந்து துடித்த பிறகு ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டித் தரும்படி எழுத்தரிடம் கேட்டாள்.

“மனு இப்ப நேர்ல வாங்குறதில்லக்கா. ஆன்லைன்லதான் போடணும். கம்பத்தடிக்குப் போங்க, பயலுவ போட்டுத் தருவானுவ.”

போனாள். பக்கத்து வீட்டு இசக்கிராஜா கைப்பேசியை எடுத்தான்.

“என்ன குறைன்னு போடட்டும் சித்தி?”

சுற்றிலும் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லாரும் அவள் தூக்கி வளர்த்த பிள்ளைகள். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“தெருவிளக்கு எரியலன்னு போடு, ராசா.”

அந்த மனுவுக்கு உடனே பலன் கிடைத்தது. ஒரே வாரத்தில் ஆட்கள் வந்து, கம்பத்தின் உச்சியில் காட்டைப் பார்த்தபடி பெரிய விளக்கு ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்கள்.