முளை பிடுங்கும் நேரம்

கோடையில் கால்வாசியாகிப்போன கண்மாய்த் தண்ணீரில் மஞ்சள் வெயில் சாய்கிறது. கரையில் கிங்ஸ்லி அடித்த கூடாரத்தின் முளைகளைப் பிச்சைமணி பிடுங்கிக்கொண்டிருக்கிறார். கிங்ஸ்லியுடைய அப்பாவின் கடைக்குத் திராட்சை போடுகிறவர் அவர். கிங்ஸ்லியின் காரைப் பார்த்ததும் தோட்டத்திலிருந்து ஓடி வந்துவிட்டார். "வீடு அங்கன இருக்கையில இங்கன மண்ணுலயா படுப்பீக? உங்கப்பா கேட்டாகன்னா நான் என்ன தம்பி சொல்ல? கோழி அடிக்கச் சொல்லியாச்சு." கிங்ஸ்லி மறுக்கத் தெரியாமல் சிரிக்கிறான். முந்தாநாள் கடமலைக்குண்டில் அத்தை வீடு, நேற்று ராயப்பன்பட்டியில் சித்தி வீடு. கூடாரத்தில் தங்கவென்றே கிளம்பியவர்கள் அதில் இன்னும் ஓர் இரவுகூடப் படுக்கவில்லை. "நேத்தும் இப்படித்தான் சிரிச்சீக" என்கிறாள் அவன் மனைவி ஷெரின். செருப்பை வெளியே கழற்றிவிட்டுக் கூடாரத்துக்குள் போய் ஜிப்பை இழுத்து மூடுகிறாள். மறுபக்கம் குனிந்திருந்த பிச்சைமணி கவனிக்காமல் கடைசிக் கம்பியையும் உருவுகிறார். சரிந்து விழுந்த துணிக்குள் டார்ச் எரிகிறது.