ஆறாவது தொட்டியின் இலை

ஆறாவது தொட்டியின் இலையில் கடுகளவு ஒரு புள்ளி இருந்தது.

மண் தெறித்திருக்கும் என்று கட்டைவிரலால் துடைத்தாள். புள்ளி போகவில்லை. விரல்தான் காவி நிறமானது.

கண்ணாடி அறையின் மத்தியான வெயிலில் விரலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

பதினோரு வருடம். இலையில் காவிப் பொடியாகப் படர்ந்து பயிரைத் தின்னும் துரு நோய்க்கு மசியாத ஒரு கோதுமை ரகத்துக்காக, பூவுக்குப் பூ இடுக்கியால் மகரந்தம் மாற்றிய பதினோரு வருடம். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களிடம் தன் பிள்ளைகள் தொட்டியில் வளர்வதாகச் சொல்லிச் சிரித்தே காலத்தை ஓட்டிவிட்டாள்.

ஏழாவது தொட்டியைப் பார்த்தாள். இரண்டு புள்ளிகள். எட்டாவதில் எண்ண முடியவில்லை.

வேறு விதை கலந்துவிட்டதோ? சீட்டைப் புரட்டினாள். அவள் கையெழுத்துதான். அவளுடைய ரகம்தான்.

அதைவிடப் பெரிய பயம் அதற்குப் பிறகுதான் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

நோயைத் தெளித்துச் சோதிக்கும் அறை வேறு கட்டடத்தில் இருந்தது. அந்தப் பக்கம் அவள் போய் ஒரு மாதமாகிறது. இது விதைக்காகப் பொத்திப் பொத்தி வளர்க்கும் அறை. இங்கே யாரும் எதையும் தெளிக்கவில்லை. சாவியும் அவளிடம் மட்டும்தான்.

அப்படியென்றால், அவள் ரகத்தையே தின்னப் பழகிய இந்தத் துரு வெளியிலிருந்து வந்திருக்கிறது. அவள் துணியில் ஒட்டிக்கொண்டு.

இந்த ஒரு மாதத்தில் அவள் இறங்கி நடந்த கோதுமை வயல் ஒன்றே ஒன்று. அண்ணனுடையது. சோதனை முடியும் முன்பே, யாருக்கும் சொல்லாமல், அவள் கொடுத்தனுப்பிய விதைதான் அங்கே பயிராகி நின்றது. மூன்று வருடமாகத் துருவுக்கே எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டு, சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவர் அவர். அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"பாப்பா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். நாலு நாளா இலையெல்லாம் ஏதோ காவிப் பொடி. மருந்து அடிய்யான்னு பக்கத்து வயல்காரர் கெடந்து பதறுறாரு. என் தங்கச்சி விதைக்குத் துரு வராதுய்யான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அண்ணா, வயலைக் கொளுத்திடுங்க. இப்பவே."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு சேர்ந்து, அங்கே காற்று பலமாக வீசுவதும் அவள் காதில் விழுந்தது. காவிப் பொடியைச் சுமந்து வயலைத் தாண்டி, ஊரைத் தாண்டிப் போகிற காற்று.